நடுவீட்டுப் பெட்டி

எங்கள் வளவில் இப்போது மூன்று வெள்ளைப் பெட்டிகள் இருக்கின்றன. மூன்றிலும் பச்சை வெளிச்சம். காலையில் ஒரு முறையும் பின்னேரம் ஒரு முறையும் மூன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்படிப் பார்க்கத் தேவையில்லை, இப்போது ஏதாவது நின்றால் தன்னுடைய கைத்தொலைபேசி சொல்லிவிடும் என்கிறார் சின்ன மருமகன். இருக்கட்டும். பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு இடியப்பம் இறங்குகிறது.

வளவு களுதாவளையில், பெருந்தெருவிலிருந்து வாவிப் பக்கம் போகிற ஒழுங்கையில் இருக்கிறது. அகலம் குறைவு, நீளம் அதிகம். படலையிலிருந்து பின்வேலி வரை என் காலடியில் நூற்றுப் பன்னிரண்டு. முன்வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு நடுவில் ஒரு வீடு கட்டிக்கொண்டு போனோம். இளையவளுக்குக் கலியாணமானதும் அதையும் கொடுத்துவிட்டு, பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடொன்று கட்டினோம். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். வீடு பெண்ணுக்கு, பெற்றவர்கள் பின்னுக்கு. மூன்றாவது ஒருத்தி பிறந்திருந்தால் நாங்கள் வாவிக்குள் வீடு கட்டியிருப்போம் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

சொல்வாள் என்று எழுதுகிறேன். அந்தப் பேச்சுத்தான் இந்த வருஷம் மாசி மாதத்தில் போனது.

பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்தது. கையும் காலும் ஆறு கிழமையில் ஓரளவு திரும்பின, கைத்தடியோடு நடக்கிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கும், முகத்திலேயே தெரியும். ஆனால் அவள் சொல்ல நினைக்கும் சொல் வாய்க்கு வராது. குடை வேண்டுமென்றால் கத்தரிக்காய் என்று வரும். வந்த சொல் பிழையென்று அவளுக்குத் தெரியும்; அதுதான் கொடுமை. முதல் ஆறு மாதத்தில் திரும்புவதுதான் பெரும்பாலும் திரும்பும், அதற்குள் பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்று வைத்தியர் சொன்னார். ஆறு மாதம் என்றால் இருபத்தாறு கிழமை. பயிற்சி கொடுக்க ஆள் தேடிப் பிடிக்கும்போது பதினொன்று போய்விட்டிருந்தது.

கிடைத்த ஆள் கொழும்பில் இருக்கும் ஒரு பெண், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. செவ்வாயும் சனியும் பின்னேரம் நாலு மணிக்கு, அரை மணித்தியாலம், திரையில் முகத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்க வேண்டும். படம் காட்டுவார், சொல்லின் முதல் எழுத்தை வாயசைத்துக் காட்டுவார், மற்றதை இவள் பிடித்துச் சொல்ல வேண்டும். வாயசைப்புத் தெளிவாகத் தெரிவதும் குரல் அறுபடாமல் வருவதும் மிக முக்கியம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இணையம் இருந்தது முன்வீட்டில். அங்கே போய் இருந்து கதைக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். மூத்த மகளும் கேட்டாள். என் மனைவி மருமகன்மார் இருவருக்கும் முன்னால் குரல் உயர்த்திக் கதைத்தவள் இல்லை. அவர்கள் முன்வாசலில் கதிரை போட்டு இருந்தால் பக்கக் கதவால் போவாள். நோய் வந்த இரண்டாம் மாதம் பெரிய மருமகனைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லப் போய், வாயில் வேறொரு சொல் வந்துவிட்டது. என்ன சொல் என்று நான் எழுத மாட்டேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அன்றிலிருந்து அவள் நடுவீட்டுக் கிணற்றைத் தாண்டி முன்னுக்கு வரவில்லை. ஆகவே பயிற்சி என்றால் பின்வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, நான்கூட வெளியே இருக்க வேண்டும். பின்வீட்டிலோ கைத்தொலைபேசிக்கு ஒரு கோடு சிக்னல், மழை வந்தால் அதுவும் இல்லை.

முதலில் மூத்த மகள் டவுனிலிருந்து எக்ஸ்டெண்டர் என்று ஒன்று வாங்கி வந்தாள். சுவரில் பிளக்கில் குத்துகிற சின்னச் சாமான், இரண்டு கொம்பு. நான் அதை அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தினேன். எங்கே இல்லையோ அங்கேதானே வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. சிவப்பு வெளிச்சம் எரிந்தது. நாலு நாள் சிவப்புத்தான். ஐந்தாம் நாள் சின்ன மருமகன் வந்து பார்த்தார். டவுனில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை செய்கிறவர், கதை குறைவு.

“அதுக்கே கேக்காத இடத்தில அத வெச்சா, அது எதக் கேட்டு எதச் சொல்லும் மாமா?” என்றார்.

கழற்றிக்கொண்டு போய் நடுவீட்டுப் பின் யன்னலடியில் குத்தினார். சிவப்புப் போய் மஞ்சள் வந்தது. பயிற்சியும் தொடங்கியது. ஆனால் முதல் நாள் அரை மணித்தியாலத்தில் பத்தொன்பது தரம் அறுந்தது. வெளியே மர வாங்கில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் இருபத்திரண்டு. இந்தச் சாமான் சிக்னலை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறதிலேயே பாதி போய்விடுகிறது, மெஷ் போடுவோம் என்றார் மருமகன். மெஷ் என்றால் வலை. வாவிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மூன்று பெட்டி, மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், பெயரும் ஒன்றுதான், முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தாலும் தொலைபேசித் தொடர்பு அறுபடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை நடந்தது. முதல் பெட்டி முன்வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில். இரண்டாவது நடுவீட்டில். அதைப் பிரிட்ஜுக்கு மேல் வைத்தார், சரிவரவில்லை. தண்ணீர்த் தாங்கி கட்டிய கொங்கிறீட் தூண் மறைக்கிறது என்று கண்டுபிடித்துப் பின் யன்னல் பக்கத் தட்டுக்கு மாற்றினார். மூன்றாவது எங்கள் முன்னறையில். அலுமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்தால் அழகாயிருக்கும் என்றேன். இரும்பு அலுமாரி சிக்னலைக் குடித்துவிடும் என்றார். அவர் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் பின்னால் காலடி எண்ணிக்கொண்டு நடந்தேன். முதலிலிருந்து இரண்டாவதுக்கு முப்பத்தெட்டு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு நாற்பத்தொன்று. மூன்று காலடி வித்தியாசம் என்னை உறுத்தியது. பரவாயில்லை என்றார்.

அடுத்த மூன்று பயிற்சியிலும் ஒரு தரம்கூட அறுபடவில்லை. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சீப்பு, கதவு, முட்டை, பால். ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். மூன்றாம் நாள் முடிவில் பதினாலு சொல் நின்றது. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது கைத்தடி ஊன்றுவதிலேயே ஒரு மிடுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையைச் சொல்வதற்கு, நான் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். ஓய்வு பெற்றதும், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் எங்கள் காணி இருக்கும் நெல்வெளிக்கு என்னை வட்டைவிதானையாக வைத்தார்கள். வட்டை என்பது அந்த வெளி. குளத்துத் தண்ணீரை வட்டைக்குள் முறை வைத்துப் பங்கிடுவது விதானையின் வேலை. ஏழு வருஷம் செய்தேன். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். மேலே இருப்பவனுக்குப் பாய்ந்து முடிந்தால் அவனுடைய மடையை அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் தண்ணீர் அவனுடைய வயலில் வீணாக நிற்கும், கடைசி வயல் வெடிக்கும். கடைசி வயல்காரன் என் வாசலுக்கு வந்து ஏசாத போகம் ஒன்றுகூட இருக்கவில்லை. மேல்மடையை அடைத்தால் கீழே பாயும். அது என் கையில் ஊறிய விஷயம்.

நாலாவது பயிற்சி ஒரு சனிக்கிழமை. தேற்றாத்தீவில் ஒரு கலியாண வீடு, முன்வீட்டாரும் நடுவீட்டாரும் போய்விட்டார்கள். வீட்டுத் திறப்பை என்னிடம் தந்திருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு நடுவீட்டு யன்னலைச் சாத்தப் போனேன், மழை இருட்டியிருந்தது. ஆளில்லாத வீட்டில் அந்தப் பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. யாருக்கு? பின்னால் ஒருத்தி இன்னும் பதினைந்து நிமிஷத்தில் வாயைத் திறந்து சொல் பிடிக்கப் போகிறாள், இங்கே வெறும் வீட்டில் பாய்ந்துகொண்டிருக்கிறது. சுவிச்சை நூர்த்துப் பச்சை வெளிச்சத்தை அணைத்துவிட்டு, யன்னலையும் சாத்திவிட்டு, நல்ல காரியம் செய்த நடையில் பின்வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குக் குரல் துண்டு துண்டாக வந்தது. “அம்… பாருங்… கு… கு…” என்று. திரையில் முகமும் பாதி வாயோடு நின்று, பிறகு குதித்து வேறொரு வாயாக வந்திருக்க வேண்டும். உள்ளே என் மனைவி ஏதோ சொல்ல, அங்கிருந்து பதில் இல்லை. திரும்பச் சொல்ல, அது வேறு சொல்லாகப் போனது. இருபது நிமிஷத்தில் கதவு திறந்தது. என்னைப் பார்த்துக் காதைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள், கையை இல்லை என்று ஆட்டினாள். களைப்பு என்று விளங்கிக்கொண்டேன். மழையால்தான் அறுந்தது என்றும் எண்ணிக்கொண்டேன். ஐந்து மணிக்குப் பிறகு, கலியாண வீட்டுக்காரர் வருவதற்கு முன், முறை முடிந்தால் மடையைத் திறப்பது போல நடுப்பெட்டியைத் திரும்பப் போட்டுவிட்டேன். அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போனது.

செவ்வாய்க்கிழமை மழை இல்லை. இளையவள் வேலைக்குப் போயிருந்தாள், மருமகன் டவுனில். போன முறை தண்ணீர் போதவில்லை, இந்த முறை இன்னும் இறுக்க வேண்டும் என்று நடுப்பெட்டியை நூர்த்ததோடு நிற்காமல், முன்வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியையும் நிறுத்தச் சொன்னேன். மூத்த மகள் ஒன்றும் கேட்காமல் நிறுத்தினாள். பயிற்சி எட்டு நிமிஷம்கூட ஓடவில்லை. என் மனைவி திரையை மடித்துவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை எழும்பவே இல்லை. நாலு மணிக்குக் கட்டிலடியில் நின்று கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த செவ்வாயும் அதுதான். கொப்பியில் இருந்த பதினாலு சொல்லையும் வீட்டில் சொல்லுவதை விட்டுவிட்டாள். பால் வேண்டுமென்றால் கோப்பையைக் காட்டினாள். எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், அம்மா இன்னும் ஒரு தரம் வராவிட்டால் அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டி வரும் என்று கொழும்புப் பெண் மூத்த மகளுக்கு எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கிழமை பதினாறு. நான் சாப்பிடுவது குறைந்தது. மூத்த மகள் அம்மாவிடம் போய்க் கெஞ்சினாள், பிறகு என்னிடம் வந்து, நீங்கள் அவவைக் கரைச்சல் படுத்தியிருப்பீர்கள் என்றாள். அதுவும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சின்ன மருமகன் கிணற்றடியில் வந்து நின்றார். எங்கள் வாசலுக்கு அவர் கூப்பிடாமல் வரமாட்டார். கையில் தொலைபேசி. அதில் பெட்டிகளின் நாட்குறிப்பு மாதிரி ஏதோ இருக்கிறதாம்.

“மாமா, நடுப்பெட்டிய ஆரும் நூத்தினவங்களா?”

“நான்தான் நூத்தின.”

அவர் என்னைப் பார்த்தார்.

“வீட்டில ஆக்களில்லாத நேரம் அது சும்மாதானே எரியிது. அத அடைச்சா முழுக்கப் பின்னுக்கு வரும் எண்டு…”

“எத்தின தரம்?”

“ரெண்டு.”

“அந்த ரெண்டு நாளும்தான் மாமிக்குக் குழம்பின?”

ஓம் என்றேன். அவர் கிணற்றுக் கட்டில் மெல்ல இருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“மாமா, இது வாய்க்கால் இல்ல. நடுவீட்டுக்கு மேல கொங்கிறீட் பிளேட் போட்ட அண்டைக்கு ஆக்கள் வரிசையா நிண்டு சீமெந்துத் தாச்சி கைமாத்தினதானே? நடுவில நிண்டவன் தேத்தண்ணி குடிக்கப் போனா மேல நிக்கிறவனுக்கு என்ன வரும்?”

“ஒண்டும் வராது.”

“நீங்க அவனத்தான் வீட்ட அனுப்பின.”

அந்தப் பிளேட் போட்ட நாள் நானும் நின்றேன். தாச்சி எண்ணினேன். ஆகவே அவர் சொன்னது உடனே விளங்கியது. விளங்கியது மட்டுமல்ல, மூன்று காலடி வித்தியாசத்துக்கு வருந்திய ஆள் நாற்பத்தொன்றை எழுபத்தொன்பதாக்கி விட்டேன் என்ற கணக்கும் விளங்கியது. மூன்றாவது பெட்டி எழுபத்தொன்பது காலடி தூரத்திலிருந்து, இரண்டு வீட்டுச் சுவரையும் தண்ணீர்த் தாங்கியையும் தாண்டிக் கேட்க முயன்றிருக்கிறது. பாவம், பாதி கேட்டிருக்கிறது.

எழும்பிப் போகப் புறப்பட்டவர் நின்று சொன்னார்.

“மாமிக்கு இது தெரியாதுதானே? அவ தன்ட தலையிலதான் திரும்பவும் ஏதோ பிழைச்சுப் போச்செண்டு நினைச்சிருப்பா.”

காதைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள். களைப்பு என்று எடுத்துக்கொண்டவன் நான். பத்து நாள் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது தனக்கு இரண்டாம் தரம் வந்துவிட்டது என்ற பயத்தில். கேட்பதும் போகப் போகிறது என்று நினைத்திருக்கிறாள். அதைச் சொல்லவும் அவளிடம் சொல் இல்லை. நான் பக்கத்துக் கட்டிலில் கிழமை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். கதிரையை இழுத்துச் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் போட்டு, அவள் முகம் தெரிகிற மாதிரி இருந்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கலியாண வீட்டு நாள், யன்னல் சாத்தப் போனது, சுவிச்சு, செவ்வாய்க்கிழமை, தொலைக்காட்சி, ஒன்றும் விடாமல். அவள் கண்ணைத் திறந்தாள். மெல்ல இடக்கையைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டு என்னைப் பார்த்தாள். கேள்விதான் அது.

“அங்க ஒண்டுமில்ல,” என்றேன். “உன்ட காதும் நல்லம், தலையும் நல்லம். பிழை என்ட தலையில.”

அவள் தலையைத் தலையணையிலிருந்து உயர்த்தினாள். வாயின் வலப்பக்கம் இன்னும் சரியாக ஏறாது, ஆகவே சிரிக்கத் தொடங்குகிறாளா அழத் தொடங்குகிறாளா என்று முதலில் தெரியவில்லை. வாய் ஒரு சொல்லைத் தேடியது. நான் அவசரப்படுத்தவில்லை.

“விதானையார்,” என்றாள்.

கொப்பியில் இல்லாத சொல். எவரும் படம் காட்டவில்லை, முதல் எழுத்து எடுத்துக் கொடுக்கவில்லை. ஏழு வருஷமும் எனக்குக் கோபம் வரவேண்டும் என்றால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், கடைசியில் அந்த ‘ஆர்’ போட்டு. இரண்டாம் தரமும் சொன்னாள். பிறகு தோள் குலுங்குகிற அளவுக்குச் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவளுடைய சேலைத் தலைப்பில்தான் துடைத்தேன்.

சின்ன மருமகன் சனிக்கிழமை காலை நடுப்பெட்டியின் சுவிச்சுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு சுற்றுப் போதும் என்றேன். நாலு சுற்றுச் சுற்றினார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் மனைவி தானாகக் கதிரையில் போய் இருந்தாள். கதவைச் சாத்து என்று சைகை காட்டினாள், பிறகு என்ன நினைத்தாளோ, பாதி போதும் என்று காட்டினாள். நான் வாங்கில் இருந்தேன். அந்தப் பாதிக் கதவால் அவளுடைய தோளும் திரையின் ஓரமும் தெரிந்தன.

கொழும்புப் பெண் கோபிக்கவில்லை. சுகம் விசாரித்துவிட்டு ஒரு கதைப் படம் காட்டினார். ஒரு பெண் அடுப்பு மூட்டுகிறாள், உலை வைக்கிறாள், அரிசி போடுகிறாள் என்று நாலு கட்டம். வரிசையாகச் சொல்ல வேண்டும். குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரித் தெளிவாக இருந்தது.

“முதல் என்ன செய்யிறா? சொல்லுங்கோ அம்மா, பாப்பம்.”

“அடுப்பு,” என்றாள் என் மனைவி. நீண்ட இடைவெளி. “மறுகா…”

“என்னம்மா?”

“மறுகா.”

“மறு… மறுபடியுமோ? திரும்பவும் அடுப்பு மூட்டுறாவோ?”

நான் எழும்பிவிட்டேன். மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு என்று பொருள். பிறந்த பிள்ளைகூடச் சொல்லும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பிழைச் சொல் என்று அந்தப் பக்கம் குறித்துவிடுவாரே. இவள் இன்னொரு தரம் தன் தலையில் பிழையென்று நினைத்துவிட்டால்? கதவு வரை போய்விட்டேன்.

உள்ளே என் மனைவி கையை உயர்த்தினாள். திரைக்குத்தான், பொறு என்று. வாய் அசைந்து அசைந்து நின்றது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பிறகு,” என்றாள். அதன் பின், தெளிவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல: “மறுகா… பிறகு.”

அந்தப் பெண்ணுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு கலகலவென்று சிரித்தார். “ஓ, உங்கட ஊரில அப்பிடியோ சொல்லுறவை? நான் எழுதிவைக்கிறன் அம்மா. மறுகா என்ன செய்யிறா?”

“உலை,” என்றாள் என் மனைவி.

நான் வாங்குக்குத் திரும்பி வந்தேன். ஒரு சொல் பிடிபடாமல் போன இடத்தில் அவள் இன்னொரு சொல்லைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். வைத்தியர் சொன்ன இருபத்தாறில் இன்னும் பத்து இருக்கிறது. பத்து நிறையப் போல இருந்தது.

சின்ன மருமகன் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. வாளி கையில் இருந்தது, தண்ணீர் அள்ளவில்லை.

“மாமி கதைக்கிறாவா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவ அந்தப் புள்ளைக்குப் படிப்பிக்கிறா,” என்றேன்.

அரை மணித்தியாலம் முடிந்து இன்னும் ஏழு நிமிஷம் ஓடியது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சந்திப்போம் என்று கொழும்புப் பெண் விடைபெற்றார். என் மனைவி, வாசலில் நின்று வழியனுப்பும்போது சொல்கிற அதே குரலில், “ஓம், வாங்க,” என்றாள்.

நான் குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.